நகம் நுழையாத கோடு

விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அறிவுச்செல்வனுக்குத் தலை சுற்றியது. மார்ச் மாத வெயில்தான் காரணம் என்று நினைத்து ஓரமாக உட்கார்ந்தார். எழுந்தபோது தரை இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் பிறகு அது அவருக்கு நேராகவே இல்லை.

சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை, சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்கள். கை காலில் வலு இருந்தது. குழறிய பேச்சும் சில வாரங்களில் தெளிந்துவிட்டது. சமநிலைதான் திரும்பவில்லை. சுவரைப் பிடிக்காமல் நடந்தால் குடித்தவரைப் போலத் தள்ளாடினார். தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன கை, டம்ளருக்கு அருகில் போனதும் நடுங்கியது. கண்ணும் கெட்டிருந்தது. நேரே பார்க்கிற பொருள் எதுவானாலும் அது மெல்ல ஆடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்.

வேறு எது போயிருந்தாலும் இந்த மனிதர் தாங்கியிருப்பார் என்று பிரபாவதிக்குத் தோன்றும். அவள் அவருடைய மனைவி. அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. இருபது வயதிலிருந்து அவரைத் தெரியும். அவரை அவள் முதன்முதலில் பார்த்ததே ஒரு சைக்கிளின் மேல்தான்.

அப்போது இருவரும் மாவட்ட சைக்கிள் அணியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் விடிவதற்கு முன்பே விழுப்புரத்தில் கூடி, திண்டிவனம் வரைக்கும் மிதித்துப் போய், அங்கே இட்லி சாப்பிட்டுத் திரும்புவார்கள். அவருக்குப் பின்னால், சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சாண் இடைவெளியில் வருவது அவள் வழக்கம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். சாலையில் பள்ளம் வந்தால் இடது கையை இறக்கி விரலை மட்டும் அசைத்துக் காட்டுவார். அந்த விரலை நம்பி அவள் எத்தனையோ மைல் வந்திருக்கிறாள். அவர் முகத்தைவிட முதுகுதான் அவளுக்கு முதலில் மனப்பாடமானது. வலது தோள் சற்று இறங்கியிருக்கும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையின் பாகு வாடை எட்டுகிற இடத்தில் சட்டை முழுவதும் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது, வெண்ணிலா பிறந்தாள். பிரபாவதி ஸ்கூட்டிக்கு மாறிவிட்டாள். அவர் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் திண்டிவனம்தான்.

அந்த சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துக்கு அருகில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அறிவுச்செல்வனிடம் விட்டுவிட்டுப் போனது. நீல நிற அலுமினியம். ஒரு கையால் தூக்கிவிடலாம். அணியில் எல்லாரும் இரும்பு சைக்கிள் ஓட்டிய காலத்தில் அதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்கள். குழாயும் குழாயும் சேருகிற இடங்களில் வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் அலுமினியத் துண்டு இருந்தது. குழாயின் முனையை அதன் மேல் செருகி, நடுவில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான். மூட்டைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரியும், குழாய் எங்கே முடிகிறது என்பதற்கான அடையாளம்.

"கம் போட்டு ஒட்ன சைக்கிள்ரா இது. ஒரு மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டவன் பெரியநாயகம், அணியில் இருந்த இன்னொருவன், திண்டிவனத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வன் அதை வெளியே நிறுத்தியதே இல்லை. ரயில்வே குடியிருப்பு வீட்டில், படுக்கையறை ஜன்னலை ஒட்டிய சுவரில் கொக்கி அடித்து மாட்டியிருந்தார். ஓட்டிவிட்டு வந்தால் தான் குளிப்பதற்கு முன்னால் அதன் மேல் சொட்டிய வியர்வையை ஈரத்துணியால் துடைப்பார், பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. வெண்ணிலா சின்னவளாக இருந்தபோது, "அப்பாவுக்கு நானா அதுவா?" என்று கேட்டு அவரை விழிக்க வைத்திருக்கிறாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் படுத்துக்கொண்டே அதைப் பார்ப்பார். அது ஆடிக்கொண்டிருக்கும், அவர் கண்ணுக்கு மட்டும்.

"சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று முதல் பரிசோதனையிலேயே கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "முதல்ல சுவத்தைப் புடிக்காம நடங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். நோயாளியைத் தட்டிக்கழிக்க எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தை. அறிவுச்செல்வன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். காலையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து அதன் மேல் நடப்பார். விழுவார், எழுவார். பொங்கலுக்குள் ஏறிவிடுவேன் என்றார். பிரபாவதி சரி என்று தலையாட்டினாள். பள்ளியில் பிள்ளைகளை அப்படித்தான் அவளும் ஊக்கப்படுத்துவாள்.

செப்டம்பரில் ஒருநாள் அரைநாள் விடுப்பில் மதியமே வீட்டுக்கு வந்தாள். படுக்கையறைச் சுவரில் சைக்கிள் இல்லை. பின்பக்க முற்றத்தில், துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்து, அதன் குறுக்குக் குழாய்க்கு மேல் வலது காலைத் தூக்கிப் போட்டபடி அவர் நின்றிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். உடம்பு முழுவதும் நடுங்கியது. பக்கத்தில் கிணற்றுச் சுவர். அவள் பையை எறிந்துவிட்டு ஓடி அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். இருவரும் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தார்கள். சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தது.

"இன்னா பண்றீங்க நீங்க? மண்டைல அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"ஏறிட்டேன் பிரபா. இன்னும் கொஞ்சம் இருந்தா ஏறியிருப்பேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. நாளைக்கு ஏறுவார். நாளைக்கு அவள் பள்ளியில் இருப்பாள்.

சைக்கிளை நிமிர்த்தினாள். அதன் கழுத்தைப் பார்த்தாள். ஹேண்டில் பாரைத் தாங்குகிற குட்டைக் குழாயோடு கீழ்க் குழாய் வந்து சேருகிற மூட்டு அது. அதைச் சுற்றி அந்தக் கோடு, என்றைக்கும் இருந்த கோடு. என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரிவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இது போயிடுச்சிங்க. கழுத்துல ஒட்டு வுட்டுப்போச்சு. பாருங்க, நகம் உள்ள போவுது."

அவர் சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்தார். பார்த்தது ஆடியிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினார், மறுபடி பார்த்தார். பிறகு கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் அந்த மூட்டுக்குப் பக்கத்தில் போய் நடுங்கி, மேலே தட்டி, கீழே தட்டி, எதையும் தடவ முடியாமல் நின்றது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். ஏறி உக்காந்தீங்கன்னா கழுத்து தனியா வந்துரும்."

அவர் அவளுடைய கண்ணை நம்பினார். எத்தனையோ வருடம் அவள் அவருடைய விரலை நம்பி வந்ததைப் போல. சைக்கிளை உள்ளே கொண்டுபோய் மாட்டச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "மாட்டாத, பரண்ல போட்டுடு" என்றார்.

மறுநாள் காலை சமையல் மேடைக்குப் பக்கத்தில் அவர் வரவில்லை. உடம்பு அலுப்பு என்றார். அடுத்த நாளும் வரவில்லை. தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பிரபாவதி தரையைத் துடைக்கும்போது அழித்துவிட்டாள். அவர் அதைக் கேட்கவில்லை. மழைக்காலம் வந்தது. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார், மாத்திரை என்றால் வாயைத் திறந்தார். ஒரு முறைகூடச் சிடுசிடுக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஓசூரில் வேலையில் இருந்த வெண்ணிலாவிடம் போனில் சொன்னாள். "நீ செஞ்சது கரெக்ட்டும்மா. விழுந்து தொலைச்சா என்ன ஆவறது?" என்றாள் மகள். அது சரிதான். ஆனால் அந்த வீட்டில் அவள் யாருக்காக ஏங்கிக்கொண்டிருந்தாளோ அந்த மனிதர் நோயில் போகவில்லை, அவளுடைய ஒரு வார்த்தையில் போய்விட்டார் என்பது மகளுக்குத் தெரியாது. பள்ளி மைதானத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, நனைந்த சட்டையோடு ஒரு முதுகு கண்முன் போய்க்கொண்டே இருக்கும். வலது தோள் இறங்கிய முதுகு. பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டு, "மிஸ், டைம் என்ன?" என்று கேட்டால், ஸ்டாப்வாட்ச் பொத்தானை அமுக்காமலே விட்டிருப்பாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினாள். வெல்லமண்டிக்குச் சரக்கு ஏற்றிப் போகிற ஒரு மினி வேனில் அதைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனாள். பழுது பார்க்கக் கொண்டுபோவதாகக் கணவரிடம் சொன்னாள். "எதுக்கு வீணா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியநாயகம் இப்போது ஃபைபர் பட்டறை வைத்திருந்தான். தண்ணீர்த் தொட்டி, கதவு, கோயில் திருவிழாவுக்குச் சப்பரத்துச் சிறகு எல்லாம் செய்தாலும் அவனுடைய பெரிய வேலை படகு. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கடலோரத்தில் ஃபைபர் படகு விரிசல் விட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஃபைபரை ஒட்டுகிற ரெசின் வாடை அவன் சட்டையை விட்டுப் போகாது என்று அவன் மனைவி அமல்ராணி குறைப்பட்டுக்கொள்வாள்.

சைக்கிளைப் பார்த்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அட, இது இன்னும் உயிரோட கீதா! செல்வன் எப்பிடி கீறான்?"

பிரபாவதி எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க பாத்துட்டு, இது நெசமாவே போயிடுச்சின்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்ணா" என்றாள்.

பெரியநாயகம் அவளை ஒருமுறை பார்த்தான். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினான்.

மத்தியானம் வரைக்கும் பார்த்தான். சக்கரங்களைக் கழற்றினான், ஹேண்டிலைக் கழற்றினான், டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தான். ஒவ்வொரு மூட்டையும் ரூபாய் நாணயத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். ஒட்டு விட்டிருந்தால் சத்தம் செத்துப்போய் வரும் என்றான். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சைக்கிளைத் தரையில் நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலை முழுப் பலத்தோடு பக்கவாட்டில் மிதித்தான். ஃப்ரேம் வளைந்து கொடுத்துத் திரும்பியது. அவன் குனிந்து கோடுகளைப் பார்த்தபடியே பலமுறை மிதித்தான். அமல்ராணி சோறு போட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"எங்கயும் வுடல" என்றான் கடைசியில். "தண்ணி பாட்டில் மாட்ற ஸ்க்ரூ கிட்ட மட்டும் கொஞ்சம் வெள்ளையா பூத்துக்கினு இருக்குது. இரும்பு ஸ்க்ரூ, அலுமினியத்துல அப்பிடித்தான் ஆவும். அத்த மாத்திட்டேன். கழுத்து கல்லு மாதிரி கீது."

"இவ்ளோ வருஷமாவா? எப்பிடிண்ணா?"

"ஒட்ட அழிக்கிறது தண்ணி, உப்பு, சூடு. நான் தினமும் பாக்கறேனே, கடல் ஓரத்துல. இவன் வெயில்ல போடல, உப்பு வேர்வைய அப்பிடியே காயவுடல. உள்ள ஈரம் பூரவே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "ஆனா இன்னும் எத்தினி வருஷம்னு என்னைக் கேக்காத. அது ஒட்னவனுக்கே தெரியாது. இன்னைக்கு நல்லா கீது. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

பிரபாவதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பொய்யை உண்மையாக்க அவள் வைத்திருந்த கடைசி வழியும் போய்விட்டது. அமல்ராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணன்கிட்ட நீயே சொல்லிடும்மா. நாங்க சொன்னா நல்லா இருக்காது" என்றாள்.

சைக்கிளைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, அன்று மாலை பாசஞ்சரில் வெறுங்கையோடு திரும்பினாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. ஏரிகள் நிரம்பியிருந்தன. தண்டவாளத்துக்கு அப்பால், தூரத்தில், அவர்கள் மிதித்த சாலை. அப்போது இரண்டு பக்கமும் புளியமரம். இப்போது நான்கு வழி, நடுவில் அரளிச் செடி. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு விழுப்புரம் வந்தது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பூக்கூடைக்காரி தோளைத் தட்டி, "எறங்கலியாம்மா?" என்று கேட்டாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஃப்ரேம் நல்லாத்தாங்க இருக்கு. நாயகம் அண்ணன் பாத்துட்டாரு. எந்த ஒட்டும் வுடல."

"நகம் போவுதுன்னு சொன்னியே."

"போவல. நான் பொய் சொன்னேன்."

டம்ளரை அவர் கீழே வைத்தார். வைப்பதற்கு நேரமானது. இடது பக்கம் சாயாமல் இருக்கக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சிக்கினுதான சொன்ன?"

"ஆமாங்க."

"கை தடவிப் பாக்காதுன்னும் தெரிஞ்சிக்கினு."

 அவள் தலையாட்டினாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"விழுந்தா விழறேன்னு வுட்டிருக்கலாம் பிரபா. முடியலன்னு நானே தெரிஞ்சிக்கினு இருப்பேன். சைக்கிள் மேல பழியப் போட்டுட்ட நீ. பாவம், அது இன்னா பண்ணுச்சு?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவர் சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை. அவளைப் பார்க்கவில்லை. அவள் மாவுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். அது தெளிவாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலில் திண்டிவனம் போனார்கள். பெரியநாயகம் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். "டேய் மச்சான்" என்று கட்டிக்கொண்டான். அந்த வேகத்தில் அறிவுச்செல்வன் தடுமாற, மூன்று பேரும் பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்கு வெளியே, மரக்காணம் போகிற சாலையில் புதிதாக மனை போட்ட இடம் ஒன்று இருந்தது. தார்ச்சாலை போட்டிருந்தார்கள், எல்லைக்கல் நட்டிருந்தார்கள், வீடு ஒன்றுகூட வரவில்லை. சாலையின் இரு பக்கமும் மணலும் புல்லும். பெரியநாயகம் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். பிரபாவதி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். அறிவுச்செல்வன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்திருந்தால்தான் உலகம் ஆடுகிறது என்றார்.

தள்ளினார்கள். அவர் மிதித்தார். கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. வட்டமாக, சத்தமில்லாமல், பழையபடியே சுற்றின. பக்கத்தில் ஓடிக்கொண்டே பிரபாவதி அந்தக் கால்களைப் பார்த்தாள். சாலை முனை வரைக்கும் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

"வுடுங்க" என்றார்.

யாரும் விடவில்லை.

"நாயகம், வுட்றா. பிரபா, வுடு."

பெரியநாயகம் அவளைப் பார்த்தான். அவள் கையை எடுத்தாள். அவனும் எடுத்தான்.

போனார். நான்கைந்து எல்லைக்கல்லைத் தாண்டினார். பின்னால் நின்றவளுக்குத் தெரிந்தது அந்த முதுகு. தோள் இறங்கிய முதுகு, கொஞ்சம் கூன் விழுந்து, கொஞ்சம் இளைத்து. அவள் வாய்விட்டு ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அடுத்த கணம் முன்சக்கரம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சாலையை விட்டு இறங்கியது. அவர் மணலில் விழுந்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. கன்னத்தில் மணல்.

"எங்கங்க அடி? தலையில பட்டுதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கழுத்தைப் பாருங்கடா."

பெரியநாயகம் குனிந்து பார்த்தான். நாணயத்தை எடுத்துத் தட்டினான். "சுத்தமா இருக்குதுரா" என்றான்.

அறிவுச்செல்வன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மூச்சு சீராக நேரமானது. "அப்ப நான்தான்" என்றார். குரலில் கோபமில்லை. ஆனால் அவர் கண்ணின் ஓரத்திலிருந்து வழிந்து காதுக்குள் போனதைப் பிரபாவதி முந்தானையால் துடைத்தாள். அந்த இடத்தில் மூன்று பேரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ஒருவன் ஆடு ஓட்டிக்கொண்டு போனான். பெரியநாயகம் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்து, முடியாமல், புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நீ ஓட்டு" என்றார் அறிவுச்செல்வன் திடீரென்று.

"நானா? நான் ஓட்டி எத்தினி வருஷம் ஆவுது. இது உங்க அளவு."

"சீட்டை எறக்குடா நாயகம். இந்த சைக்கிள் ஓடி நான் பாத்ததே இல்ல. எப்பவும் மேலேயே உக்காந்துக்கினு இருந்தேன், எப்பிடித் தெரியும்?"

சீட்டை இறக்கினான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரபாவதி ஏறினாள். ஒரு நொடி தடுமாறினாள், பிறகு உடம்பு பிடித்துக்கொண்டது. இரும்பு சைக்கிள் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் கையில் சொல்லும். இது சொல்லவில்லை. மிதிக்கும்போது மெல்ல வளைந்து, மிதித்ததைத் திருப்பிக் கொடுத்தது. இதன் மேல் இருந்துகொண்டுதான் இந்த மனிதர் இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணியிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது. கூடவே இன்னொன்றும். முன்னால் யாரும் இல்லை. காற்று நேராக முகத்தில் அடித்தது. பள்ளம் வந்தால் சொல்ல ஒரு விரல் இல்லை. சாலை முனைக்குப் போனதும் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். எல்லைக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் கைகளின் நடுக்கம் தெரியவில்லை.

சைக்கிளைத் திரும்ப விழுப்புரத்துக்கே கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில், ஜன்னலை ஒட்டிய சுவரில் மாட்டினார்கள். அவர் மறுபடி ஏறப்போவதாகச் சொல்லவில்லை. காலைப் பயிற்சியை மட்டும் விடவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் சுவரைத் தொடாமல் வாசல் வரைக்கும் நடந்து, பால்காரரிடமிருந்து தானே பாக்கெட்டை வாங்கிவந்தார். அதைக் கொண்டாடவில்லை. மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபாவதி ஓட்டினாள். அவர்தான் போகச் சொன்னார். ஓடாமல் கிடந்தால் ஒட்டுக்கு நல்லதில்லை என்று ஒரு காரணம் சொன்னார். உண்மையா என்று பெரியநாயகத்திடம் போனில் கேட்டதற்கு, "அவன் சொன்னா சொல்லட்டுமே, போயேன்" என்றான். முதலில் முண்டியம்பாக்கம், பிறகு விக்கிரவாண்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினாள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைப்பது அவர் வேலை. கட்டிலில் உட்கார்ந்து, சைக்கிளை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நடுங்குகிற கையால் நிதானமாகத் துடைப்பார்.

ஒரு பங்குனி ஞாயிறு, அவள் வெயில் ஏறித்தான் வீடு வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. அவர் துணியோடு காத்திருந்தார்.

"இன்னைக்கு எதுவரைக்கும்?"

"திண்டிவனம் போய்ட்டு வந்துட்டேங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "காத்து எப்பிடி?"

"போவும்போது எதிர்க்காத்து. பேஜாராப் போச்சு. வரும்போது தள்ளிக்கினு வந்துது."

"பேரணி தாண்டி வரும்போது ஒரு எறக்கம் வருமே. ரோடு அகலம் பண்ணதுல அது இருக்கா, எடுத்துட்டானா?"

"இருக்குங்க. முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம் இருக்கு."

"அங்க மிதிக்கத் தேவையில்ல."

"ஆமாங்க."

"மிதிச்சியா?"

"இல்லங்க. மிதிக்கல. சும்மா உக்காந்துக்கினு வந்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஈரத்துணி கையில் இருந்தபடியே இருந்தது. இறக்கம் முடிகிற வரைக்கும் அவர் பேசமாட்டார் என்று பிரபாவதிக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.